கெல்டன் காரின் முதல் எழுத்து

உம்முடைய பலகையில் இன்னும் பித்தளை பொலிஷ் மணக்கிறது. நேற்றுப் பின்னேரம் உம்முடைய மகள் அதைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு, உம்முடைய கொப்பியோடு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தாள். மேசையில் வைத்துப் பேப்பரைப் பிரித்ததும் அந்த மணம் எழுந்தது. ஜன்னலைத் திறக்கப் போனேன். பிறகு வேண்டாம் என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

பலகையின் நடுவில் உள்ளங்கை அகலத்தில் அந்தப் பித்தளைத் தகடு. நாலு மூலையிலும் நாலு ஸ்க்ரூ. கெல்டன் என்ற அமெரிக்கக் காரின் முகப்பில் இருந்தது என்று நீர் சத்தியம் செய்த தகடு. கடைசி மூன்று ஆங்கில எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. அதற்கு முன்னால் கண்ணாடி போல வழவழப்பு, எழுத்தென்று ஒன்றும் இல்லை.

“அங்கிள், முப்பத்தொராம் நாளுக்கு அப்பாவின்ர கல்வெட்டு அடிக்கக் குடுக்கவேணும். அதில இந்தக் கார்க் கதையை முழுக்கப் போட விருப்பம். உண்மையோ எண்டு நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. வியாழக்கிழமைக்குள்ள பிறஸ்காரருக்குக் குடுக்கவேணும்.”

“ஏன் என்னட்டைக் கொண்டுவந்தனீர்?”

“நீங்கள் பாக்காட்டிப் போடவேண்டாமெண்டு அப்பா சொன்னவர்.”

“எப்ப சொன்னவர்?”

“ஆஸ்பத்திரியில.”

“என்ன மாதிரிச் சொன்னவர்? கோவமாவோ, பகிடியாவோ?”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “சும்மாதான் சொன்னவர், அங்கிள்.”

சும்மா சொல்கிற ஆளா நீர்? மூன்று வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசாத மனிதர், சாகப்போகும் நேரத்தில் என்னிடம் ஒரு வேலையைத் தள்ளிவிட்டுப் போகிறார் என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. அதோடு கல்வெட்டு என்றாலே எனக்கு நம்பிக்கை குறைவு. செத்த வீட்டின் முப்பத்தொராம் நாளுக்கு எங்கள் ஆட்கள் அடித்துக் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகங்கள் என் அலுமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. அத்தனையிலும் ஒரு கெட்ட மனிதர் கிடையாது. அவர்களில் பாதிப் பேரை எனக்கு நேரில் தெரியும்.

நாம் முதலில் சந்தித்தது உம்முடைய கொட்டாஞ்சேனைக் கந்தோரில். கந்தோர் என்றால், ஒரு நகைக்கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு மேசை, டைப்ரைட்டர், சனம் குந்த ஒரு வாங்கு. வாசலில் ‘சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்று மூன்று மொழியிலும் போர்டு. வெளிநாடு போகிற எல்லோரும் தமிழ்ப் பிறப்புச் சான்றிதழை இங்கிலிசில் மாற்ற உம்மிடம் வருவார்கள். நானும் அம்மாவின் சான்றிதழோடு வந்தேன். நீர் தலையை நிமிர்த்தாமல் கேட்ட முதல் கேள்வி, “பேரை இங்கிலிசில எப்பிடி எழுதுறனீங்கள்?”

எல்லோரிடமும் அதைத்தான் கேட்பீர். ஒரு கணேசனின் கதையைச் சொல்வீர். தகப்பன் தன் பெயரைக் ‘கே’ போட்டு எழுதினார், மகனுடைய பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் ‘ஜி’யில் தொடங்கியது. தமிழில் இரண்டும் ஒரே ககரம். வெள்ளைக்காரக் கந்தோரில் இரண்டும் இரண்டு ஆள். மகன் தன் தகப்பனுக்குத்தான் பிறந்தான் என்று நிரூபிக்க ஒன்றரை வருடம் அலைந்தான். “எழுத்து ஒண்டு பிழைச்சா ஆள் வேற ஆள், ஐசே” என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்.

அப்படிச் சொன்ன நீர்தான், உம்முடைய கதிரைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த தகட்டில் முதல் எழுத்து இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அன்றைக்கே கவனித்தேன். இன்சூரன்ஸ் கொம்பனியில் அடிபட்ட வாகனம் பார்த்துத் திரிந்தவன் நான். சேசிஸ் நம்பர் வழவழவென்று இருந்தால் யாரோ அரம் போட்டிருக்கிறார்கள், அது களவு வாகனம். வேறு காரணம் இருக்கலாம் என்று என் மூளைக்கு ஏறவே ஏறாது. அதனால்தான் நீர் எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பட்டம் வைத்தீர். நான் சாதாரண அசெஸர்தான். பட்டம் பிடித்திருந்தபடியால் திருத்தவில்லை.

சான்றிதழ் வேலை முடிந்தும் நான் வந்துகொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை காலைகளில் நீர் பலகையைக் கழற்றி மடியில் வைத்துத் துணியால் தேய்ப்பீர். நான் பிளேன்ரீ குடித்துக்கொண்டு கேள்வி கேட்பேன். கெல்டன் கொம்பனியின் சரித்திரம் எனக்கு வெள்ளிக்கிழமைக்கு ஒரு துண்டாகத்தான் கிடைத்தது.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலம், அதில் ஒரு சின்ன ஊர். “இந்தியானாவோ? பேர் வைக்கேக்க கொஞ்சம் தூரமா யோசிச்சிருக்கலாமே” என்று நான் நக்கலடித்தேன், நீர் எழும்பிப் போய் உலகப்படத்தை விரித்துக் காட்டினீர். அங்கே அண்ணனும் தம்பியும் சைக்கிள் செய்து விற்றார்கள். சைக்கிள் மோகம் குறைய, அதே பட்டறையில் கார் செய்யத் தொடங்கினார்கள். இருக்கைக்கு அடியில் ஒற்றை சிலிண்டர் எஞ்சின். பின் சில்லுக்கு செயின். ஸ்டியரிங் வீல் கிடையாது, பிடித்துத் திருப்ப ஒரு நீளக் கைபிடி. முதல் இரண்டு வருடம் நல்ல பேர். நாலாவது வருடம் பேராசை பிடித்து, பணக்காரருக்கென்று நாலு சிலிண்டரில் ஒரு பெரிய கார் செய்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பெரிய ஊர்த் தொழிற்சாலைகள் மலிவுக் கார்களை இறக்கிவிட்டன. பணக்காரன் பேர் பெற்ற காரை வாங்கினான், மற்றவன் மலிவானதை வாங்கினான், கெல்டனை வாங்க ஆள் இல்லை. நாலே வருடத்தில் கேற்றைச் சாத்தினார்கள்.

இதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் அப்பப்பாவின் கடிதங்கள் என்பீர். உம்முடைய அப்பப்பா கொள்ளுப்பிட்டியில் ஒரு துரையின் பங்களாவில் கிளாக்கர். துரை கெல்டன் ஒன்றைக் கப்பலில் இறக்கினார். கார் காலிமுகத்திடலில் நின்றுபோனதையும், மாடு கட்டி இழுத்ததையும், துரை வாங்கிய கட்டலொக்கில் இருந்ததையும் அப்பப்பா கிழமைக்கு ஒருதரம் யாழ்ப்பாணத்தில் இருந்த தன் மனைவிக்குத் தமிழில் எழுதினார். ஒருநாள் செயின் அறுந்தது. துரை கொம்பனிக்கு எழுதினார். மாதங்கள் கழித்து வந்த பதிலில், நாங்கள் இப்போது பள்ளிக்கூட வாங்கு செய்கிறோம், செயின் இல்லை, வாங்கு தேவையானால் அறிவிக்கவும் என்று இருந்ததாம். கார் குதிரை லாயத்தில் கிடந்து உக்கியது. உடைத்து இரும்புக்குக் கொடுத்த அன்று, அப்பப்பா கேட்டு வாங்கியது இந்தத் தகட்டை மட்டும்தான்.

பள்ளிக்கூட வாங்குதான் என் சந்தேகத்தை முற்றவைத்தது. பொய் சொல்கிறவன் தேவையில்லாத ஒரு விபரத்தைச் சேர்ப்பான், அதில்தான் பிடிபடுவான். என் தொழில் எனக்கு அப்படித்தான் படிப்பித்தது. கொள்ளுப்பிட்டியில் பழைய கார்ப் பிரியர்களின் கழகம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய வாசிப்பறையில் செங்கல் தடிப்பில் ஒரு புத்தகம்; உலகத்தில் செய்த கார் எல்லாம் ஆங்கில அகரவரிசையில். உமக்குச் சொல்லாமல் போய் ‘கே’யில் பார்த்தேன். இல்லை. ‘சி’யிலும் பார்த்தேன். இல்லை. போனில் தேடினேன். இல்லை. நாலு வருடம் இருந்த கொம்பனி நாற்பது எழுத்துக்கூட மிச்சம் வைக்காமல் போகுமா?

உம்மிடம் தனியே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீர் வேலையைக் குறைத்துக்கொண்டு, அந்தச் சரித்திரத்தை ஒரு கொப்பியில் எழுதி, வெள்ளவத்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்தில் வாசிக்கும்வரை காத்திருந்தேன். இருபது இருபத்தைந்து பேர் இருந்தார்கள். நீர் நல்ல சேர்ட் போட்டு வந்திருந்தீர். வாசித்து முடிந்ததும் நான்தான் முதலில் எழும்பினேன்.

“ஐசே, இப்பிடி ஒரு கொம்பனி இருந்ததுக்கு ஆதாரம் என்ன?”

“அப்பப்பாவின்ர கடிதங்கள்.”

“எங்க அதுகள்?”

“உமக்குத் தெரியும்தானே. எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்தில வீட்டோட எரிஞ்சுபோச்சு.”

“எரிஞ்சுபோச்செண்டு சொல்லுறது லேசு. ஆதாரம் கேட்ட இடமெல்லாம் நான் முப்பது வருசமா அந்தப் பதிலைத்தான் கேட்டுக்கொண்டு வாறன்.”

அங்கிருந்தவர்களில் வீடு எரிந்தவர்கள் வேறு பலரும் இருந்தார்கள் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. அந்த ஆடி மாதம் நான் லீவில் ஊரில் நின்றவன். இங்கே என் வாடகை வீட்டுக் கதவில் ஒரு கீறல்கூட விழவில்லை. நீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர், கொப்பியை மூடினீர்.

“சரி இன்ஸ்பெக்டர். அப்ப கிளெய்ம் இல்லை.”

அதுதான் நீர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. பிறகு ஒரே ஒருநாள் பம்பலப்பிட்டி ஸ்டேசனில் கண்டேன். நீர் கோட்டைப் பக்கம் போகும் மேடையில், நான் எதிர்ப்பக்கம். கையைத் தூக்கினீரா, வெயிலுக்கு நெற்றியில் கை வைத்தீரா என்று எனக்குத் தெரியவில்லை. வெயிலுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். ரயில் வந்து உம்மை மறைத்தது.

மகள் போனபிறகு கொப்பியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்தேன். கூட்டத்தில் நீர் வாசிக்காமல் விட்ட ஒரு பக்கம் கடைசியில் இருந்தது. கலவரம் ஓய்ந்து வீட்டைப் பார்க்கப் போனபோது சாம்பலுக்குள்ளிருந்து உம்முடைய மனைவி இரண்டு சாமான் பொறுக்கியெடுத்தாவாம். ஒன்று குத்துவிளக்கின் அடி. மற்றது இந்தத் தகடு. “கரி போவதற்காக மணலும் புளியும் போட்டு முகாமிலேயே தேய்த்தேன். கரியோடு எழுத்தும் போய்விட்டது. எழுத்து இருந்த காலத்தில் நான் அதை ஒருநாளும் கவனித்து வாசித்ததில்லை. அப்பப்பா எழுதியதை நினைவில் வைத்துத்தான் இனிமேல் பெயர் சொல்லவேண்டும்.” அவ்வளவுதான் எழுதியிருந்தீர். அரம் என்று நான் முடிவுகட்டியிருந்தது அகதி முகாமில் ஒரு மனிதன் அள்ளிய மணல். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் நான் நான்தானே. வெட்கப்பட்டுக்கொண்டே சந்தேகப்பட்டேன். உருக்கமாக எழுதியிருப்பதால் மட்டும் ஒரு கொம்பனி இருந்ததாகிவிடுமா? இன்று காலை சாப்பிட்டதும் ஸ்க்ரூட்ரைவரை எடுத்து மேசையில் உட்கார்ந்தேன். தகட்டைச் சுவரில் பார்த்த இத்தனை வருடத்தில் அதன் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஊரார் வாகனத்துக்கு அடியில் மல்லாக்கப் படுத்துப் பார்த்தவன் நான்.

முதல் ஸ்க்ரூவிலேயே நின்றேன். தலையில் புதுக் கீறல். நாலிலும் அப்படித்தான். அண்மையில் யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

தகடு கழன்றதும் பலகைக்கும் அதற்கும் இடையிலிருந்து நாலாக மடித்த மெல்லிய தாள் ஒன்று மடியில் விழுந்தது. விரித்தேன். பென்சிலைச் சரித்து உரைத்துப் பிரதி எடுத்திருந்தது. உமக்கு அதைக் காட்டித்தந்தது நான்தான், ஒரு வெள்ளிக்கிழமை, உம்முடைய ஸ்டேப்ளரின் இலக்கத்தின் மேல் தாளை வைத்து. “எழுத்தை வாசிக்கிறதை விட்டிட்டுத் தடவிப் பாக்கிற ஆள்” என்று சிரித்தீர். தாளில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல மறுபக்கமாக வந்திருந்தன. முன்னால் புடைக்க அடித்த எழுத்து பின்னால் குழியாக இருக்கும், அந்தக் குழியைத்தான் உரைத்திருக்கிறீர். தாளை மேசையில் விரித்து அருகே முகக்கண்ணாடியைப் பிடித்தேன். ஆறு எழுத்தும் நின்றன.

உம்முடைய தாளை நம்பாமல் நானும் ஒரு தாள் எடுத்து உரைத்தேன். தகட்டின் பின்பக்கத்தை ஒருவரும் தேய்க்கவில்லை. அந்த ஆடி மாதத்துக் கரி அப்படியே இருந்தது, என் விரலெல்லாம் கறுத்தது. என் தாளும் உம்முடையதையே சொன்னது. முதல் எழுத்து ‘கே’ இல்லை. ‘சி’யும் இல்லை. ‘ஜி’.

அப்பப்பா தமிழில் ‘கெ’ என்று எழுதினார். தமிழில் அதை வேறு எப்படி எழுதுவது? பேரன் அதைத் தமிழ் வாயால் வாசித்தார். நான் தமிழ்க் காதால் கேட்டேன். ஊரிலுள்ள கணேசன்களுக்கெல்லாம் வழக்குத் தீர்த்த மொழிபெயர்ப்பாளரும், ஊரையெல்லாம் சந்தேகித்த அசெஸரும் ஒரே ககரத்தில் விழுந்து கிடந்திருக்கிறோம்.

கையைக் கழுவிக்கொண்டு காலி வீதியில் பஸ் பிடித்துக் கொள்ளுப்பிட்டிக்குப் போனேன். வாசிப்பறைக் காவலாளிக்கு என் முகம் ஞாபகம் இருந்தது. செங்கல் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, “அய்யே, மேக்க நேத கலின் பெலுவே?” என்றான். முன்பு பார்த்ததும் இதைத்தானே என்று கேட்கிறான். இதைத்தான் பார்த்தேன், சரியாகப் பார்க்கவில்லை என்று அவனுக்குச் சிங்களத்தில் சொன்னேன். ‘ஜி’யில், ஒரு பக்கத்தின் அடியில், ஏழு வரி. இந்தியானா. சைக்கிள் செய்த சகோதரர்கள். இருக்கைக்கு அடியில் ஒற்றை சிலிண்டர். கடைசியில் எடுபடாத நாலு சிலிண்டர் மொடல். நாலு வருடத்தில் மூடப்பட்டது. ஏழாவது வரியில், தொழிற்சாலை பின்னர் பள்ளிக்கூடத் தளபாடம் செய்தது என்று இருந்தது.

நான் அந்த ஏழாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். கண் கலங்கிவிட்டது. காவலாளி மின்விசிறியைக் கூட்டிவிட்டான்.

வீட்டுக்கு வந்து உம்முடைய மகளுக்குப் போன் எடுத்தேன். “உண்மை. ஒரு எழுத்தும் மாத்தாமல் போடும்” என்றேன். சொல்லும்போதுதான் விளங்கியது, மாற்ற ஒன்றுமே இல்லை. ஆங்கிலத்தில்தான் பிழை. தமிழில் நீர் எழுதியது முதல் நாளிலிருந்தே சரி. கதைக்குக் கீழே, இதைச் சபையில் பொய்யென்று சொன்னவன் நான், நான் சொன்னதுதான் பொய் என்று என் பெயரோடு இரண்டு வரி போடச் சொன்னேன். கல்வெட்டில் அப்படிப் போடுகிற வழக்கம் இல்லை, அங்கிள் என்றாள். வழக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அதோடு முடிந்திருக்கவேண்டும். மேசையில் அந்தத் தாள் கிடந்தது. நீர் எப்போது கழற்றினீர், எப்போது கண்டுபிடித்தீர் என்று யோசித்துக்கொண்டு அதை மடிக்கப்போனேன். அப்போதுதான் உம்முடைய தாளையும் நான் திருப்பிப் பார்க்கவில்லை என்று நினைவு வந்தது.

அது தினம் ஒன்றாகக் கிழிக்கும் கலண்டரின் தாள். மறுபக்கத்தில் திகதி. நம்முடைய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழு கிழமை கழித்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை. அப்படியென்றால் மூன்று வருடம் கிட்ட உம்மிடம் ஆதாரம் இருந்திருக்கிறது. பம்பலப்பிட்டி ஸ்டேசனில் எதிரெதிரே நின்றபோதும் இருந்திருக்கிறது. திகதிக்குக் கீழே பென்சிலால் உம்முடைய கையெழுத்து: ‘இன்ஸ்பெக்டருக்குக் காட்டவே’. அதற்குப் பிறகு உள்ள எழுத்துகளைத் தகட்டின் கரி மூடிவிட்டது.

ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தாளின் பின்னால் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். காட்டவேணுமா, காட்டவேண்டாமா?

பின்னேரம் மகள் பலகையை எடுக்க வந்தாள். தாளைக் காட்டினேன். அவள் கரியைப் பார்த்து, என்னைப் பார்த்து, “அங்கிள், இது வேணுமோ வேண்டாமோ?” என்றாள். தாளை வைத்திருக்கட்டுமா என்று கேட்கிறாள் என்று நினைத்து வேணும் என்றேன். அவள் கேட்டது எழுத்தை. பிறகு இரண்டு பேரும் சிரித்தோம், அவள் அழுதாள்.

பலகையையும் தகட்டையும் கொண்டுபோய்விட்டாள். தாள் என்னிடம் இருக்கிறது, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள். தீராத சந்தேகம் வந்தால் நட்டஈடு கேட்டு வந்தவனுக்கு எதிராகத்தான் நான் எப்போதும் கேஸை மூடுவேன். இந்தக் கேஸில் கேட்டு வந்தவர் நீரா நானா என்றே எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று எழுதியிருந்தால், நீர் என்னை மன்னிக்கவில்லை. அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியும், அது நியாயம். வேணும் என்று எழுதியிருந்தால், நான் ஒருநாள் படியேறி வருவேன் என்று அந்தக் கதிரையில் மூன்று வருடம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர். எனக்குத் தாங்க முடியாதது அதுதான். அதனால் அதுதான் உண்மை என்று சந்தேகிக்கிறேன், ஐசே.